ஒரு புரொஜெக்டர், பல சோர்ஸ்: படம் தானாகப் பொருந்தாதபோது என்ன பார்ப்பது

கல்லூரி செமினார் ஹாலோ, மண்டபமோ, வீட்டு மாடியில் போட்ட சின்னத் தியேட்டரோ, இப்போது எங்கேயும் புரொஜெக்டரில் ஒரே ஒரு லேப்டாப் மாட்டியிருப்பதில்லை. பேச வருபவரின் லேப்டாப், செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பழைய டிவிடி பிளேயர் என்று மாறி மாறி வருகின்றன. மெனுவில் எல்லாமே ஆட்டோவில்தான் இருக்கும். ஆனாலும் ஒன்றில் முகம் அகலமாகத் தெரியும், இன்னொன்றில் கறுப்பு சாம்பலாக இருக்கும், மூன்றாவதில் டாஸ்க்பாரைக் காணோம்.

ஆட்டோ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. எச்டிஎம்ஐ கேபிளில் படத்தோடு ஒரு சின்னத் தகவல் பொட்டலமும் வருகிறது. நிறத்தை அனுப்பும் இரண்டு முறைகளில் இது ஆர்ஜிபியா ஒய்சிபிசிஆரா, வடிவம் 16:9-ஆ 4:3-ஆ என்பதை சோர்ஸே அதில் சொல்லிவிடும். புரொஜெக்டர் படித்து அதன்படி நடக்கும். எதிர்த்திசையில், தன்னால் எந்தெந்த ரெசல்யூஷன் காட்ட முடியும் என்ற பட்டியலை புரொஜெக்டர் லேப்டாப்புக்குத் தருகிறது. அந்தப் பட்டியலுக்கு ஈடிஐடி என்று பெயர். விஜிஏ கேபிளிலும் மஞ்சள் ஆர்சிஏ கேபிளிலும் படத்தைப் பற்றி இப்படிச் சொல்ல ஏறக்குறைய வழியே இல்லை. அங்கே புரொஜெக்டர் வரும் அலையை அளந்து, இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறது.

அதனால் என் வழி இது. தகவல் வரும் இடத்தில் ஆட்டோவை விட்டுவைக்கலாம். ஊகிக்கும் இடத்திலும், வரும் தகவலே தப்பாக இருக்கும் இடத்திலும் ஆட்டோவை எடுத்துவிட்டுக் கையால் வைத்துவிட வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் சோர்ஸ், அடுத்து கேபிளும் நடுவில் இருக்கும் பெட்டிகளும், கடைசியில்தான் புரொஜெக்டர் மெனு. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிமோட் கையில் இருப்பதால் முதலில் மெனுவுக்குள் போய்விடுகிறார்கள். அப்புறம் எது பழைய செட்டிங், எது புதுசு என்றே தெரியாமல் போகிறது.

மெனுவைத் தொடும் முன்

புரொஜெக்டர் மெனுவில் இன்ஃபோ அல்லது இன்ஃபர்மேஷன் என்று ஒரு பக்கம் இருக்கும். இப்போது உள்ளே வரும் சிக்னலின் ரெசல்யூஷனும், எத்தனை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை படம்) என்பதும் பெரும்பாலான மாடல்களில் அங்கே தெரியும். லேப்டாப்பில் என்ன வைத்தீர்கள் என்பதை விட இங்கே என்ன தெரிகிறது என்பதுதான் உண்மை. நடுவில் ஒரு ஸ்விட்ச் பாக்ஸோ டாங்கிளோ இருந்தால் இரண்டும் வேறாக இருக்கலாம்.

புரொஜெக்டரின் சொந்த ரெசல்யூஷனையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ஜிஏ என்றால் 1024×768, வடிவம் 4:3. டபிள்யூஎக்ஸ்ஜிஏ என்றால் 1280×800, வடிவம் 16:10. ஃபுல் எச்டி என்றால் 1920×1080, வடிவம் 16:9. பெட்டியில் '1080பி சப்போர்ட்' என்று போட்டிருந்தால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். விலை குறைந்த எல்இடி மாடல்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் பேனல் 800×480 மட்டுமே. அதில் 1080பி அனுப்பி, சின்ன எழுத்து ஏன் மங்கலாக இருக்கிறது என்று தேடினால் எந்த மெனுவிலும் விடை கிடைக்காது. எழுத்தைப் பெரிதாக்குவதுதான் வழி.

லேப்டாப்பில் சரியான ரெசல்யூஷனே வரவில்லை

விண்டோஸ் பட்டியலில் 800×600, 1024×768 மட்டும் காட்டுகிறது, 1280×800-ஐக் காணோம் என்றால் லேப்டாப்புக்கு ஈடிஐடி போய்ச் சேரவில்லை. டிஸ்ப்ளே விவரத்தில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

விஜிஏ கேபிளாக இருந்தால் கழற்றி முனையைப் பாருங்கள். 15 பின்களில் 12-ஆவதும் 15-ஆவதும்தான் ஈடிஐடியைக் கொண்டுபோகின்றன. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இவற்றுக்கு உள்ளே வயரே இருக்காது. சிலவற்றில் பின் வளைந்தோ உடைந்தோ போயிருக்கும். படம் வரும், நிறமும் சரியாக இருக்கும், ஈடிஐடி மட்டும் வராது. அதனால்தான் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. ஒன்று கவனியுங்கள்: 9-ஆவது பின் நல்ல கேபிளிலும் இல்லாமல் இருக்கலாம், அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எச்டிஎம்ஐயாக இருந்தால் நடுவில் உள்ள ஸ்ப்ளிட்டரைப் பாருங்கள். ஒரு பக்கம் புரொஜெக்டர், இன்னொரு பக்கம் மேடையில் பேசுபவர் பார்க்க ஒரு டிவி. இரண்டு பட்டியல்களில் எதை லேப்டாப்புக்குக் காட்டுவது என்பதை ஸ்ப்ளிட்டர் முடிவு செய்கிறது. பல பெட்டிகள் முதல் போர்ட்டில் இருப்பதை அப்படியே காட்டும். புரொஜெக்டரை முதல் போர்ட்டுக்கு மாற்றி, எல்லாவற்றையும் அணைத்து, புரொஜெக்டர், ஸ்ப்ளிட்டர், லேப்டாப் என்ற வரிசையில் போடுங்கள். ஈடிஐடியைத் தேர்ந்தெடுக்கப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன ஸ்விட்சுகள் இருந்தால் இன்னும் நல்லது.

முகம் அகலம், வட்டம் முட்டை

முதலில் ஒரு ஸ்லைடில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வட்டம் ஒன்று வரைந்து திரையில் போடுங்கள். திரையில் அதை டேப்பால் அளந்தால் குறுக்கும் நெடுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தால் அரை மணி நேரம் வாக்குவாதத்தில் போகும்.

வட்டம் சரியாக இருந்து, டிவி சேனலில் மட்டும் ஆட்கள் அகலமாகத் தெரிந்தால் கோளாறு செட்டாப் பாக்ஸில். பழைய 4:3 நிகழ்ச்சியை அது 16:9-க்கு இழுத்து அனுப்புகிறது. பாக்ஸ் மெனுவிலேயே படத்தை இழுக்காத முறைக்கு மாற்றுங்கள். டிவிடி பிளேயரில் 'டிவி டைப்' 4:3 என்று இருந்தால் 16:9 ஆக்குங்கள்.

வட்டமே முட்டையாக இருந்தால் புரொஜெக்டரின் ஆஸ்பெக்ட் 'ஃபுல்' அல்லது 16:9 என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆட்டோ அல்லது நார்மலுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரலாம். 1280×800 பேனலில் 16:9 படம் 1280×720 இடத்தைத்தான் எடுக்கும். மேலே 40 வரி, கீழே 40 வரி சும்மா இருக்கும். அது கோளாறே அல்ல. திரை முழுவதும் நிறைய வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவையுங்கள், படத்தை இழுத்துவிடாதீர்கள். பேசுபவரின் முகத்தையும் வரைபடத்தையும் கெடுத்துத் திரையை நிறைப்பதில் யாருக்கும் பயனில்லை.

விண்டோஸில் 'டூப்ளிகேட்' முறையில் இருந்தால் லேப்டாப் திரையும் புரொஜெக்டரும் ஒரே ரெசல்யூஷனுக்கு இறங்க வேண்டியிருக்கும். 1366×768 லேப்டாப்பும் 1280×800 புரொஜெக்டரும் அப்படி ஒத்துப்போகாது. விண்டோஸ் விசையோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' போடுங்கள். இரண்டும் அதனதன் ரெசல்யூஷனில் நிற்கும்.

ஓரம் வெட்டுப்படுகிறது, அல்லது சுற்றிலும் கறுப்புச் சட்டம்

டாஸ்க்பார் பாதி தெரிந்தால் ஓவர்ஸ்கேன். பழைய டிவிக்களில் படத்தின் ஓரத்தை மறைக்க வைத்த வழக்கம் இன்னும் மெனுவில் தொடர்கிறது. லேப்டாப்பிலிருந்து 720பி, 1080பி போனால் அதை டிவி சிக்னல் என்று நினைத்து சில புரொஜெக்டர்கள் ஓரத்தை வெட்டும். ஓவர்ஸ்கேனை ஆஃப் செய்யுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். சுற்றிலும் கறுப்புச் சட்டம் இருந்தால் இதற்கு நேர்மாறு: லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் மென்பொருள் படத்தைச் சுருக்குகிறது. ஏஎம்டி கார்டுகளில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்று ஒரு ஸ்லைடர் உண்டு, அதை 0-க்கு நகர்த்துங்கள்.

கறுப்பு சாம்பலாகிறது, அல்லது இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை

பல சோர்ஸ் உள்ள ஹாலில் அதிகம் கவனிக்கப்படாத கோளாறு இதுதான். விளக்கு மங்கிவிட்டது, திரை அழுக்கு என்று காரணம் சொல்லிப் பணம் செலவழிப்பதும் இங்கேதான்.

கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணுகிறது. டிவி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. செட்டாப் பாக்ஸ் 16-ஐ அனுப்ப, புரொஜெக்டர் 0-வை எதிர்பார்த்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகத் தெரியும், வெள்ளையும் மங்கும். லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்ப, புரொஜெக்டர் 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால் 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். கறுப்பு கோட்டு போட்டவரின் உடை மடிப்பு தெரியாது, தலைமுடி ஒரே திட்டாக இருக்கும்.

ஆட்டோ இங்கே ஏன் தவறுகிறது? எந்த அளவு என்பதை சோர்ஸ் தெளிவாகச் சொல்லாவிட்டால் ரெசல்யூஷனைப் பார்த்து முடிவு செய் என்பதுதான் எச்டிஎம்ஐ விதி. 720பி, 1080பி என்றால் டிவி அளவு. 1024×768, 1280×800 என்றால் கம்ப்யூட்டர் அளவு. அதனால் ஒரே லேப்டாப், ஒரே கேபிள், ரெசல்யூஷனை மட்டும் மாற்றினால் கறுப்பின் ஆழம் மாறும். பார்ப்பவருக்கு இது மாயம் போலத் தோன்றும்.

சோதிக்க ஒரு ஸ்லைடு செய்துகொள்ளுங்கள். பின்னணி சுத்தக் கறுப்பு, ஆர்ஜிபி மூன்றும் 0. அதன் மேல் நாலு கட்டங்கள். மூன்று நிறங்களுக்கும் ஒரே எண்ணாக 8, 16, 24, 32 என்று கொடுங்கள். ஹால் விளக்கை அணைத்துப் பாருங்கள். 24-உம் 32-உம் தெரிந்து, 8-உம் 16-உம் பின்னணியில் கலந்துவிட்டால் இருட்டு விவரம் விழுங்கப்படுகிறது. சாம்பலா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. 16:9 படத்தை 16:10 பேனலில் போடும்போது மேலும் கீழும் வரும் பட்டை புரொஜெக்டரின் சொந்தக் கறுப்பு. ஸ்லைடின் கறுப்பையும் அந்தப் பட்டையையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே கோடு தெரிந்தால் ஸ்லைடின் கறுப்பு உயர்ந்திருக்கிறது.

சரிசெய்ய லேப்டாப்பில் தொடங்குங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்', இன்டெலில் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்', ஏஎம்டியில் 'பிக்சல் ஃபார்மட்'. புரொஜெக்டரில் இதற்கு எச்டிஎம்ஐ ரேஞ்ச், வீடியோ ரேஞ்ச் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். எப்சனில் நார்மல், எக்ஸ்பாண்டட் என்று இருக்கும். எக்ஸ்பாண்டட் என்பது கம்ப்யூட்டர் அளவு. பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் வைத்து இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒரு சோர்ஸுக்கு ஒத்துவந்தது அடுத்ததைக் கெடுக்கும்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது

லேப்டாப்புக்கு எல்லாம் சரியாக வைத்தாயிற்று. செட்டாப் பாக்ஸுக்கு மாற்றினால் படம் வெளிறிப்போகிறது. அதைச் சரிசெய்தால் லேப்டாப் கெடுகிறது. இது ஓயவே மாட்டேன் என்கிறது என்றால் எல்லா சோர்ஸும் ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச் பாக்ஸ் வழியாகப் புரொஜெக்டரின் ஒரே சாக்கெட்டுக்குள் போகின்றனவா என்று பாருங்கள்.

பல புரொஜெக்டர்கள் செட்டிங்கை இன்புட் வாரியாக நினைவில் வைக்கின்றன. எச்டிஎம்ஐ 1-க்கு ஒரு கணக்கு, எச்டிஎம்ஐ 2-க்கு ஒரு கணக்கு. ஸ்விட்ச் பாக்ஸ் வந்ததும் நாலு சோர்ஸும் அதன் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன. வசதிக்காக வாங்கிய பெட்டியே தானாகப் பொருந்தும் வசதியைப் பறித்துவிடுகிறது.

நான் பரிந்துரைப்பது, கம்ப்யூட்டர் வகையை எல்லாம் ஒரு பக்கமும் டிவி வகையை எல்லாம் மறுபக்கமும் பிரிப்பது. லேப்டாப்பும் டாக்குமென்ட் கேமராவும் ஸ்விட்ச் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ 1. செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் எச்டிஎம்ஐ 2. முதலாவதில் கம்ப்யூட்டர் அளவு, ஓவர்ஸ்கேன் ஆஃப், பிரசன்டேஷன் கலர் மோடு. இரண்டாவதில் டிவி அளவு, சினிமா மோடு. இப்படி ஒரு தடவை பிரித்து வைத்தால் பாதிப் புகார்கள் வராது.

ஒரே சாக்கெட்தான் இருக்கிறது என்றால் மெமரி வசதியைத் தேடுங்கள். ஒவ்வொரு சோர்ஸுக்கும் ஒரு மெமரி என்று சேமித்து, மாற்றும்போது ரிமோட்டில் அழைத்துக்கொள்ளலாம். சில மாடல்கள் சிக்னல் வாரியாகவும் நினைவு வைக்கும். பானாசோனிக்கின் பெரிய ஹால் மாடல்களில் சிக்னலுக்குப் பெயர் கொடுத்தே பதிவு செய்யலாம். அப்படிப்பட்ட மாடலில் லேப்டாப் 60 ஹெர்ட்ஸிலும் செட்டாப் பாக்ஸ் 50 ஹெர்ட்ஸிலும் இருந்தால் ஒரே கேபிளில் வந்தாலும் தனித்தனியாக அடையாளம் காணும்.

ஸ்விட்ச் செய்யும் ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பில் ஜன்னல்கள் இடம் மாறுகின்றனவா? ஸ்விட்ச் பாக்ஸ் இணைப்பை முழுவதும் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது. புரொஜெக்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைக்கிறது. லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஈடிஐடி எமுலேட்டர் என்ற சின்ன அடாப்டர் போட்டால் புரொஜெக்டர் எப்போதும் மாட்டியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும்.

படம் பச்சை, இளஞ்சிவப்பு, அல்லது கறுப்பு வெள்ளை

பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்தடித்தால் புரொஜெக்டர் ஆர்ஜிபியை ஒய்சிபிசிஆர் என்றோ, தலைகீழாகவோ படிக்கிறது. டிவிஐ அடாப்டர் நடுவில் இருந்தால் இது அடிக்கடி வரும், ஏனென்றால் டிவிஐயில் அந்தத் தகவல் பொட்டலம் கிடையாது. கலர் ஸ்பேஸை ஆட்டோவிலிருந்து ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். மஞ்சள் ஆர்சிஏ கேபிளில் டிவிடி கறுப்பு வெள்ளையாக வந்தால் வீடியோ சிக்னலை ஆட்டோவிலிருந்து 'பால்' (PAL) என்று வையுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் டிவி முறை அதுதான். அமெரிக்க டிஸ்க் போல என்டிஎஸ்சி முறையில் பதிந்த டிஸ்க் என்றால் என்டிஎஸ்சி.

விஜிஏயில் எழுத்து நடுங்குகிறது, படம் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது

ரிமோட்டில் ஆட்டோ என்ற பட்டனை அழுத்தினால் போதும் என்று சொல்வார்கள். போதும், ஆனால் அழுத்தும் நேரத்தில் திரையில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். புரொஜெக்டர் வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் படத்தின் ஓரத்தைக் கண்டுபிடிக்கிறது. கறுப்புப் பின்னணி ஸ்லைடு ஓடும்போது அழுத்தினால் நடுவில் உள்ள எழுத்தையே ஓரம் என்று நினைத்துக்கொள்ளும். நாலு ஓரமும் தொடும் வெள்ளைப் பக்கத்தில் கொஞ்சம் சின்ன எழுத்தும் இருக்கும்படி வைத்து அழுத்துங்கள். வெள்ளையான வேர்ட் கோப்பை முழுத் திரையில் திறந்தாலே போதும்.

அதற்குப் பிறகும் செங்குத்தாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் மெனுவில் 'ட்ராக்கிங்', எழுத்து நடுங்கினாலோ கலங்கினாலோ 'சிங்க்'. இந்த வரிசையிலேயே மாற்றுங்கள். ட்ராக்கிங் தப்பாக இருக்கும்போது சிங்க்கை எங்கே வைத்தாலும் திரையில் ஒரு பக்கம் கலங்கித்தான் இருக்கும்.

ஓடும் எழுத்து துள்ளுகிறது

செய்திச் சேனலின் அடியில் ஓடும் வரியைப் பாருங்கள். நமது ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸ் 60-க்கு வைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு 5 படத்துக்கும் ஒன்றைத் திரும்பக் காட்டி 6 ஆக்கும்; வினாடிக்குப் 10 துள்ளல். பாக்ஸை '1080ஐ 50' (1080i) அல்லது '1080பி 50'-க்கு மாற்றினால் வரி வழுக்கிக்கொண்டு போகும்.

ஸ்ட்ரீமிங் பெட்டியில் சினிமா 24, டிவி நிகழ்ச்சி 25, மற்றவை 30, 60 என்று கலந்து வரும். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் கன்டென்ட்', கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் ஆப்பில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்' போட்டால் அதுவே மாற்றிக்கொள்ளும். வீட்டுத் தியேட்டருக்கு இது அருமை. ஹாலில் இரண்டு நிமிட வீடியோக்களை அடுத்தடுத்துப் போடுகிறீர்கள் என்றால் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரை சில வினாடி கறுப்பாகி, வீடியோவின் முதல் வாக்கியம் போய்விடும்.

படம் வெளிறி, இருட்டாக இருக்கிறது

புது லேப்டாப்பிலோ 4கே ஸ்டிக்கிலோ மட்டும் இப்படி என்றால் காரணம் எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் பட முறை. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) போன்ற வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுகின்றன. சினிமா தியேட்டர் திரைக்கே அளவு 48 நிட்ஸ்தான். ஜன்னல் திறந்த ஹாலில் எச்டிஆரால் எந்த லாபமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சோர்ஸிலேயே சாதாரண முறையான எஸ்டிஆர் ஆக்கிவிடுங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'யூஸ் எச்டிஆர்' ஆஃப். வீட்டில் இருட்டறை இருந்தால் புரொஜெக்டரின் டைனமிக் ரேஞ்சை ஆட்டோவில் வைத்து, எச்டிஆர் அளவை மட்டும் கண்ணுக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

படமே வரவில்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது

'நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் லேப்டாப் 144 ஹெர்ட்ஸ் போல புரொஜெக்டரால் முடியாத ஒன்றை அனுப்புகிறது. 60-க்குக் குறையுங்கள்.

லேப்டாப் வருகிறது, ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மட்டும் கறுப்பு என்றால் எச்டிசிபி, அதாவது படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு. 4கேக்கு 2.2 பதிப்பு வேண்டும். வரிசையில் உள்ள ஸ்ப்ளிட்டர், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அது இருக்க வேண்டும். ஸ்டிக்கை நேராகப் புரொஜெக்டரில் மாட்டிப் பாருங்கள். வந்துவிட்டால் குற்றவாளி நடுவில் இருக்கும் பெட்டி. 1080பி-க்கு இறக்கினால் பெரும்பாலும் அதன் வழியாகவே வந்துவிடும்.

வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்தால், அல்லது 4கேயில் மட்டும் படம் விட்டு விட்டு வந்தால் கேபிள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிகாபிட் வரை போக வேண்டும், எச்டிஎம்ஐ 1.4 கால வயர் 10.2-க்குத்தான் கணக்கு. மேடையிலிருந்து கூரை வரை 15 மீட்டர் சாதாரண வயரில் அது ஓடாது. ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: சோர்ஸ் என்று அச்சிட்ட முனை லேப்டாப் பக்கம், டிஸ்ப்ளே முனை புரொஜெக்டர் பக்கம். பைப்புக்குள் இழுக்கும் முன் இரண்டு முனையையும் படித்துவிட்டு, தரையில் விரித்துவைத்தே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு சோர்ஸுக்குத் தாவுகிறது

லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனதும் புரொஜெக்டர் சிக்னலைத் தேடி ஒவ்வொரு சாக்கெட்டாகப் போய், செட்டாப் பாக்ஸில் ஓடும் சீரியலில் நின்றுவிடும். 'ஆட்டோ சோர்ஸ் சர்ச்' என்பதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப்பின் பவர் செட்டிங்கில் சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' என்று வையுங்கள். செட்டாப் பாக்ஸ் தேவைப்படாத நாளில் அதன் பிளக்கையே கழற்றிவிடலாம். தேடுவதை நிறுத்தியும் தாவினால் எச்டிஎம்ஐ சிஇசி காரணம்: ஸ்டிக் விழித்துக்கொண்டு, என்னைக் காட்டு என்று புரொஜெக்டருக்கு ஆணை அனுப்புகிறது. புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ லிங்க் அல்லது சிஇசி என்று இருப்பதை அணைத்தால் தாவல் நிற்கும்.